கடைமடைக்குப் போகாத ரத்தம்

தட்டில் சோற்றைப் போட்டுவைத்துக்கொண்டு, கோடு ஏறட்டும் என்று உலகம்மாள் காத்திருந்தாள்.

இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் சாப்பிட்டுப் போயாயிற்று. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சத்துணவுக் கூடத்துச் சிமென்ட் தரையில் ஊற்றிய தண்ணீர், சாரல் காற்றில் காயாமல் அப்படியே கிடந்தது. கூட வேலை பார்க்கும் மரியபுஷ்பம் சாப்பிட்டு முடித்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் ஒந்தம்பி எலையில உக்காரலயாக்கும்?”

“உக்காருவான். ரெண்டு மணிதானே ஆகுது.”

“சோறு வெறச்சிப் போச்சி பாரு. கட்டுன புருசனுக்குக்கூட நான் இப்படிக் காத்துக் கெடந்ததில்லம்மா.”

“நீ கட்டுன புருசன் அப்படி.”

மரியபுஷ்பம் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். உலகம்மாள் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. இரண்டும் ஏறவில்லை. மூன்று நாளாகவே ஏறவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டித் தம்பி குற்றாலிங்கத்துக்குக் கொடுத்தாள். அவன் இருபத்தாறு வயதுக்குள் குடித்தே தன்னுடையதைக் கெடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. நிச்சயத்துக்கு நாள் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார், வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண் நமக்கு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவள் வயிற்றில் மிச்சமிருந்த ஈரல் மூன்றே மாதத்தில் வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிட்டது. மற்றது எதுவும் அப்படித் திரும்பி வளரவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு தென்காசி வீட்டில் அவளும் அந்தப் போனும்தான்.

அவள் கொடுத்த வருஷம்தான் புதுச்சட்டம் வந்தது. வெட்டிக் கொடுக்கும் ஈரலுக்குள் ரத்தம் பிரிந்து போகும் இரண்டு கிளைகளிலும் எள்ளளவு கருவி ஒவ்வொன்று வைத்துவிடுவார்கள். உள்ளே எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்பதைக் கொடுத்தவர் தன் போனில் பார்த்துக்கொள்ளலாம். கொடுத்த மனசுக்கு ஓர் ஆறுதல் என்று அரசாங்கம் சொன்னது. ஜனங்கள் சுருக்கமாகக் கோடு என்றார்கள்.

மனுஷர் சாப்பிட்டால் குடலிலிருந்து ஈரலுக்குப் போகிற ரத்தம் பெருகும். கோடு ஏறும். பசித்துக் கிடந்தால் தணியும். கோடு ஏறத் தொடங்கினால் அவன் சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த அரைமணி வித்தியாசத்தை உலகம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோடு ஏறியதும் முதல் வாய் வைப்பாள். எதிரே ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று எண்ணிக்கொள்வாள். மூன்று வேளையும் அப்படித்தான்.

தம்பியோடு பேச்சு நின்று நாலு வருஷம். அதற்கும் இந்தக் கோடுதான் காரணம். ஆரம்பத்தில் தினமும் மூன்று முறை போன் செய்வாள். ‘ஏன்ல இன்னைக்கி இவ்வளவு லேட்டு? காலையில ஏன் சாப்பிடல?’ என்பாள். ஒரு கோயில் கொடைவிழாவின்போது நடுச்சாமத்தில் கோடு தாறுமாறாக ஏறியது. குடித்துவிட்டான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். விடிந்ததும் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்தே கத்தினாள். “அது ஒன் வயித்துல இருந்தாலும் என் ஈரல்ல. அதுல ஒரு சொட்டு ஊத்துன, மனுசியா இருக்க மாட்டேன்!” அவன் குடித்திருக்கவில்லை. படைப்புச் சோறும் கிடாக்கறியும் வயிறு புடைக்கத் தின்றிருந்தான், அவ்வளவுதான். “என் வயித்துக்குள்ளயே உக்காந்துக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குதியேக்கா” என்று மட்டும் சொன்னான். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் பக்கம் போனவன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். வீம்பாக இருக்க முடிந்ததும் கோடு இருந்ததால்தான். இல்லாவிட்டால் பதறிப்போய் எப்போதோ ஓடியிருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நாள் கோடே வரவில்லை. பராமரிப்பு வேலை நடக்கிறது என்று போனில் எழுதியிருந்தது. பத்தாம் நாள் வந்த கோட்டில் சாப்பாட்டு நேரங்கள் மாறியிருந்தன. காலை ஐந்தரைக்கே முதல் ஏற்றம். ஷிப்ட் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். தானும் ஐந்து மணிக்கு எழுந்து உலை வைக்கப் பழகிக்கொண்டாள்.

இன்றைக்கு மூன்றரை வரை பார்த்தாள். பிறகு சோற்றைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, வருஷா வருஷம் தன்னைப் பரிசோதிக்கிற டாக்டர் நூர்ஜஹானைப் பார்க்கப் போனாள்.

டாக்டர் போனை வாங்கி, கோடுகளை ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

“இந்த நீலம் இவ்வளவு உயரமா ஏறுதே, எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா டாக்டர். நல்லா சாப்பிடுதான்னு நெனச்சேன். அந்தக் கோடு உச்சியத் தொட்ட அன்னைக்கி ஒரு படி பால்ல பாயசம் வச்சிக் குடுத்தேன் எல்லாருக்கும்.”

“பழுப்பு அதே ரெண்டு மாசமா எறங்கிட்டே வந்திருக்கே. பாக்கலையா?”

“பாத்தேன். நீலம் ஏறுதுல்லா, அதுக்கு இது சரியாப் போச்சின்னு…”

டாக்டர் ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் இரண்டாகக் கிளைக்கும் ஒரு கால்வாய் வரைந்தார்.

“ஈரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் வரும் உலகம்மா. குடல்லேர்ந்து வர்றது பெரிய கால்வாய், அதுல சத்து அதிகம். இதயத்துலேர்ந்து வர்றது சின்ன வாய்க்கால், அதுல பிராணவாயு அதிகம். இந்தப் பெரிய கால்வாயோட பின்கிளையில ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. அதான் பழுப்பு. அந்தப் பக்கத்துக்கு இப்போ சின்ன வாய்க்கால் மட்டும்தான். அதனால உடனே சாகாது. மெலியும். செல்லெல்லாம் சுருங்கிச் சுருங்கி, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி ஆயிடும்.”

“அப்போ நீலம்?”

“அங்க போக வேண்டிய தண்ணியெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. ரெட்டைச் சத்து. இது வளருது. ஒண்ணு தேயும், ஒண்ணு பெருக்கும், மொத்தத்துல அளவு அப்படியே இருக்கும். அவருக்கு வலிகூட இருக்காது.”

“அப்போ பரவாயில்லயா டாக்டர்?” உலகம்மாளுக்கு மூச்சு வந்தது.

“இத்தோட நின்னிருந்தா பரவாயில்லதான். மூணு நாளா நீலமும் ஏறலையே. அடைப்பு வளர்ந்து, ரெண்டும் பிரியுற எடத்துக்கு வந்துட்டிருக்கு.” டாக்டர் பேனாவால் அந்த இடத்தைக் குத்தினார். “உங்க பக்கம் வயக்காடுதானே? கால்வாய்ல தண்ணி கொறைஞ்சா எந்த வயல் முதல்ல காயும்?”

“கடைமடை.”

“இங்கயும் அதேதான். ஈரல் தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும். ரத்தம் ஓரத்துல நுழைஞ்சு நடுவுல வடியும். ஓரத்துச் செல் முதல்ல குடிச்சிடும். நடுவுல இருக்கிறதுக்கு மிச்சம்தான். மிச்சமும் வராமப் போனா நடுவுலேர்ந்து கருக ஆரம்பிக்கும். வாரக்கணக்கு இல்லம்மா இது, நாள்கணக்கு. இப்பவே பிடிச்சா மருந்துலயே கரைச்சிடலாம்.”

“நீங்களே அவனுக்குச் சொல்லிருங்களேன்.”

“நான் அவருக்கு டாக்டர் இல்லையே. பதிவு எனக்குத் திறக்காது. நீங்கதான் சொல்ல முடியும். எச்சரிக்கைன்னு ஒரு பட்டன் இருக்கும், அழுத்துங்க. அந்த ஈரலைச் சுமக்கிறவர் எங்க இருந்தாலும் அவருக்குப் போய்ச் சேர்ந்துடும்.”

உலகம்மாள் பட்டனைப் பார்த்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததை ஒரு முறை படித்து, மறுபடியும் படித்தாள்.

“இத அழுத்துனா கோடு நின்னுரும்னு போட்டிருக்கே.”

“ஆமா. ஒரே தடவைதான், அதோட தொடர்பு முடிஞ்சுடும். முன்ன அப்படி இல்ல. கொடுத்தவங்க எடுத்ததுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பி, வாங்கினவங்களைப் படாதபாடு படுத்தி, கோர்ட் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த விதி.”

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். “என் தம்பிதானே டாக்டர். நாளைக்கிக் காலைல மொத பஸ்ஸுல போயி நேர்லயே சொல்லிருதேன்.”

டாக்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. நாளைய தாண்ட விடாதீங்க” என்றார்.

சனிக்கிழமை காலையில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் இறங்கி, விசாரித்து, சத்திரப்பட்டிக்கு வேறு பஸ் ஏறினாள். வழியெல்லாம் தறிச் சத்தம். புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி தெருநெடுகக் கொடியில் காய்ந்தது. அவள் மனதுக்குள் பேச்சைக் கோத்துக்கொண்டே நடந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்பது, பிறகு விஷயத்தைச் சொல்வது, ஈரல் என்ற வார்த்தையை முடிந்தவரை எடுக்காமல் இருப்பது.

கதவைத் திறந்தவள் தம்பி பெண்டாட்டி கோமதி. திகைத்துப்போய், “வாங்க மதினி” என்றாள். உள்ளே திரும்பி, “ஏங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க” என்று குரல் கொடுத்தாள்.

குற்றாலிங்கம் தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வந்து நின்றான். கன்னம் உப்பி, தொந்தி லேசாக எட்டிப்பார்த்தது. நோயாளி மாதிரியே இல்லை.

“என்னக்கா திடீர்னு?”

கோத்துவைத்த பேச்செல்லாம் அறுந்துபோனது. “ஏல, கெளம்பு. இப்பவே ஆசுபத்திரிக்குப் போவணும். பின்கிளை அடைச்சிருக்கு. ரெண்டு மாசமா அடைச்சிருக்கு, நாந்தான் கூறுகெட்டுப்போயி பாயசம் வச்சித் தின்னுருக்கேன்.”

“என்னத்தச் சொல்லுத? எனக்கு ஒண்ணுமில்லக்கா.”

“ஒனக்குத் தெரியாதுல. ஒரு பக்கம் தேயும்போது ஒரு பக்கம் வளந்துரும். வலிக்காது. டாக்டரம்மா படமே போட்டுக் காட்டுனாவ. இந்தா பாரு.” போனை நீட்டினாள். “ஒன் ரத்தந்தான். பாருல!”

அவன் போனை வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்படி வாசலிலிருந்து கோமதி மெதுவாகச் சொன்னாள்: “சொல்லிருங்க. எத்தன நாளைக்கி மறைப்பீங்க?”

“என்னத்தல மறைக்க? மறுபடியும் குடிக்கியா?”

“குடிக்கலக்கா.” அவன் சுவரோரமாக உட்கார்ந்தான். “அது இப்போ எங்கிட்ட இல்ல.”

“எது?”

“நீ குடுத்தது.”

பக்கத்து வீட்டுத் தறி ஒன்று நின்று மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவன் தலை நிமிராமலேயே பேசினான்.

“ரெண்டு வருசம் ஆச்சி. அவங்கவங்க செல்லுலயிருந்தே புது ஈரல் வளத்து வைக்கிறாங்கள்ல, எங்க மில்லு இன்சூரன்ஸ்ல அதுக்கு எடம் வந்துச்சி. ஒன்னோடது நல்லாத்தான் இருந்துச்சி. அத வேற ஒரு உசுருக்கு வைக்கலாம்னாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“எதுக்குல?”

“ஒரு வாய் வைக்க முடியலக்கா. வாயத் தொறந்தா நீ பாக்குற மாதிரியே இருக்கும். தண்ணி குடிச்சாக்கூட. உசுரு குடுத்தவள்ட்ட என்னத்தச் சொல்லிச் சண்ட போட? திருப்பிக் குடுக்கவும் முடியாது. அதான் இன்னொருத்தருக்குப் போவட்டும்னு…” தலையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்தான். “ஒன்னக் கேட்டிருக்கணும். தப்புதான். கேட்டா நீ விட்டிருக்க மாட்ட.”

உலகம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு எழுந்து உலை வைத்த இரண்டு வருஷம் கண்முன்னால் வந்து நின்றது. மழையில், காய்ச்சலில், பொங்கலன்று தனியாக.

“அப்போ நான் ரெண்டு வருசமா யார்கூடல சாப்பிட்டேன்?” என்றாள்.

அவனுக்கு அது புரியவில்லை. கோமதிக்குப் புரிந்ததுபோல இருந்தது. அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு உலகம்மாள் கேட்டாள். “யாருக்கு வச்சாங்க?”

“பேரு சொல்ல மாட்டாங்க. கோடு மட்டும் ஈரல்கூடவே போவும்னு சொன்னாங்க. நீ அதப் பாத்துக்கிட்டே இருப்பன்னு நான் நெனைக்கல. வெறுத்திருப்பன்னு நெனச்சேன்.”

“அந்த ஆளு சாவக் கெடக்குல.”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்து போய் அறுவை செய்த மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். அங்கே அவனை ஒவ்வொருவரிடமாகத் தள்ளிவிட்டார்கள். கடைசியாகப் பேசிய பெண், பதிவறை திங்கட்கிழமைதான் திறக்கும் என்றாள். அவசரமென்றால் கொடுத்தவர் எச்சரிக்கை அனுப்பலாமே, அதற்குத்தானே அந்த வசதி என்று அவளும் சொன்னாள்.

“பட்டன அமுக்குக்கா. எதுக்கு யோசிக்க?”

“கோடு நின்னுரும்.”

“நின்னா நிக்கட்டும். யாரோதானே.”

யாரோதான். உலகம்மாள் போனைப் பார்த்தாள். முகம் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த ஆள் வெள்ளிக்கிழமை காலையில் சாப்பிடமாட்டார் என்று தெரியும். மாசிமாதம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டில் ஏதோ துக்கம் நடந்திருக்கும். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கோடு எக்கச்சக்கமாக ஏறியது, யாரோ விருந்து வைத்திருப்பார்கள். அன்றைக்கு இவளும் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். நாளைக்கு ஒருநாள் பார்த்துவிட்டு அமுக்கலாமா என்று ஒரு நினைப்பு எழுந்தது. இன்னும் ஒரே ஒரு வேளை. டாக்டர் நாள்கணக்கு என்றுதானே சொன்னார், மணிக்கணக்கு என்று சொல்லவில்லையே. அப்படி நினைத்தபோது அவளுக்கே தன்மேல் பயம் வந்தது. நேற்றைக்கே அமுக்கியிருக்க வேண்டியது. தம்பிக்கென்று வந்தபோதும் கோட்டைத்தானே முதலில் காப்பாற்றப் பார்த்தாள்?

நீலக்கோடு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நூல் இறங்கியது.

பட்டனைத் தொட்டதும் ஒரு கட்டம் விரிந்தது. முப்பது வார்த்தைக்குள் எழுதச் சொன்னது. ‘தம்பி’ என்று தொடங்கினாள். அழித்தாள். ‘ஐயா’ என்று எழுதி அதையும் அழித்தாள். ‘அம்மா’ என்று போட்டுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரையும் ஓர் உறவுமுறை சொல்லிக் கூப்பிடாமல் பேசியவளில்லை. கடைசியில் எதுவும் போடாமல் எழுதினாள்.

‘உங்கள் ஈரலில் பின்கிளை அடைத்திருக்கிறது. முன்கிளையும் அடைபடுகிறது. வலி இருக்காது. வலிக்கவில்லை என்று சும்மா இருக்க வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.’

இன்னும் பத்து வார்த்தைக்கு இடம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அமுக்கினாள்.

இரண்டு கோடுகளும் இடப்பக்கம் நகர்ந்து நகர்ந்து மறைந்தன. எச்சரிக்கை உரியவரிடம் சேர்ந்தது என்றும், இத்துடன் இந்தத் தொடர்பு முடிந்தது என்றும் இரண்டு வரி வந்தது. பிறகு வெறும் வெள்ளை.

“பாத்துட்டுப் போவாங்களாக்கா?” குற்றாலிங்கம் கேட்டான்.

“தெரியாது.”

“பொழச்சிட்டாங்களான்னு எப்படித் தெரியும்?”

“தெரியவே தெரியாதுல.”

நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். “எப்படிப்பட்ட ஆளுக்கா அது?” என்றான். அவள் சொல்லத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமையைச் சொன்னாள், மாசிமாதத்தைச் சொன்னாள். இறந்துபோன ஒருவரைப்பற்றித் துட்டி வீட்டில் பேசுவதுபோல இருந்தது. பாதியில் மில் சங்கு ஊதியது. அவன் சங்கடத்தோடு எழுந்தான். “ஷிப்டுக்கு நேரமாச்சி. இருந்துட்டுப் போக்கா.”

“இல்ல. போறேன்.”

தூக்குச்சட்டியைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

தென்காசி பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. எப்போதும் ஏறியதும் போனை எடுத்து வைத்துக்கொள்கிறவளுக்கு இன்றைக்குப் பார்க்க எதுவும் இல்லை. முதல் தடவையாக ஆட்களைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கும் பெண். பூக்கூடையை மடியில் வைத்த கிழவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கும் கண்டக்டர். எவர் சட்டைக்குள்ளும், எவர் புடவைக்குள்ளும் அந்தத் தழும்பு இருக்கலாம். ஏதோ ஓர் ஊரில் இந்நேரம் ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம்.

எதிர்சீட்டில் இருந்த நடுவயசு ஆள் ஒருவர் இரண்டு மூன்று முறை நெளிந்தார். அவள் பார்வை நகரவில்லை என்று கண்டதும், கூச்சத்தோடு முன்னால் குனிந்தார்.

“என்னம்மா அப்படிப் பாக்கீங்க? நமக்குத் தெரிஞ்சவங்களா?”

உலகம்மாள் அவர் முகத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“இருக்கலாம்யா” என்றாள்.